சிலிக்கான் மேல் ஃபுல்லரீன் ஓரடுக்கு: கல்லூரி ஆய்வகத்தில் செய்வதும் அளப்பதும்

ஒரு சதுர சென்டிமீட்டர் சிலிக்கானை சி60 மூலக்கூறுகளால் (60 கார்பன் அணுக்கள் பந்துபோன்ற கூண்டாகச் சேர்ந்த ஃபுல்லரீன்) நெருக்கமாக ஓரடுக்கு மூடினால், அதில் நிற்கும் மூலக்கூறுகள் சுமார் 1.15 × 10¹⁴. எடை 0.14 மைக்ரோகிராம். அதே இடத்தில் 1 நானோமீட்டர் தடிமனுக்குக் காற்றின் ஈரம் படிந்தாலே 0.1 மைக்ரோகிராம் வந்துவிடும். ஆகவே அளவுமானி காட்டும் எண்ணில் எது ஃபுல்லரீன், எது ஈரம், எது ஆக்சைடு, எது அழுக்கு என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பாதி. ஒட்டவைப்பது மறுபாதி.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஃபியூம் ஹூட், ரிஃப்ளக்ஸ் அமைப்பு (கொதிக்கும் ஆவியைக் குளிர்வித்துத் திரும்பக் குடுவையில் இறக்குவது), யுவி-விசிபிள் நிறமாலைமானி உள்ள எந்த வேதியியல், இயற்பியல் துறையிலும் இதைச் செய்யலாம். எலிப்சோமீட்டர் (மெல்லடுக்கின் தடிமனை ஒளியால் அளப்பது), ராமன் (சிதறும் லேசர் ஒளியால் மூலக்கூறை அடையாளம் காண்பது), கெல்வின் புரோப் (மேற்பரப்பின் மின்னழுத்தத்தைத் தொடாமல் அளப்பது) போன்றவை கையருகே இல்லையென்றால், வெளியாருக்கும் அளந்து தரும் மையங்களில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தேதி கிடைத்த பிறகே மாதிரியைத் தொடங்குங்கள். செய்து வைத்துவிட்டுத் தேதிக்குக் காத்திருந்தால் மேற்பரப்பு பழசாகிவிடும்.

எப்போது செய்வது

சி60ஐச் சிலிக்கானோடு இணைக்கும் இடைமூலக்கூறு சிலேன். அது ஈரத்துக்கு மிக எளிதில் கெடும். தை பிறந்து பங்குனி முடிய உள்ள நாட்கள் இங்கே வசதியானவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜன்னல் திறந்த அறையில் சிலேன் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஆடிக் காற்றில் ஈரம் குறைவுதான், ஆனால் தூசி ஏறும். எந்த மாதமானாலும் அறையில் ஈரப்பதமானி ஒன்று இருக்கட்டும். ஏசியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, எண் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின் தொடங்குங்கள். 40 சதவீதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் 24 மணி நேர ரிஃப்ளக்ஸ் ஒன்று வருகிறது. அது பாதியில் நின்றுவிடக் கூடாது. கண்டென்சருக்கு மேல்தொட்டிக் குழாயை நம்பாதீர்கள். இரவில் தொட்டி வற்றினால் டொலுயீன் ஆவி ஹூடு முழுக்கப் பரவும். ஒரு வாளித் தண்ணீரும் மீன்தொட்டி பம்பும் போதும். டொலுயீன் 110.6 டிகிரியில் கொதிப்பது. 30 டிகிரித் தண்ணீரே அதைக் குளிர்வித்து இறக்கிவிடும்.

வேஃபரும் ஐந்து துண்டுகளும்

போரான் கலந்த பி வகை, (100) முகம், 1 முதல் 10 ஓம் சென்டிமீட்டர், ஒருபக்கம் மெருகிட்ட 2 அங்குல வேஃபர் (மெல்லிய சிலிக்கான் வட்டத்தகடு) வாங்குங்கள். மெருகிட்ட முகத்தைத் தூசியில்லாத தாளில் கவிழ்த்து, பின்புற விளிம்பில் வைரமுனையால் சில மில்லிமீட்டர் மட்டும் கீறி, கீறலின் இருபுறமும் அழுத்தினால், தட்டை விளிம்புக்கு இணையாகவும் செங்குத்தாகவும் நேராகப் பிளக்கும். முக்கோணமாகப் பிளந்தால் உங்களிடம் இருப்பது (111) வேஃபர். உறையின் லேபிளைப் பாருங்கள்.

1 சென்டிமீட்டர் சதுரங்கள் ஐந்து, ஒரே வேஃபரிலிருந்து எடுங்கள்.

'அ': சுத்தம் செய்தது மட்டும்.
'ஆ': சிலேன் வரை.
'இ': சிலேன், பின் சி60 இல்லாத வெறும் டொலுயீனில் அதே 24 மணி நேரம்.
'ஈ': சிலேன் இல்லாமல், நேரே சி60 கரைசலில்.
'உ': முழுவதும்.

இவற்றில் பலரும் விட்டுவிடுவது 'இ'. சூடான டொலுயீன் சிலேன் அடுக்கையே கொஞ்சம் கரைத்து, மறுசீராக்கி விடும். அந்த மாற்றத்தை ஃபுல்லரீன் கணக்கில் எழுதிய அளவீடுகளுக்கு மதிப்பில்லை. 'ஈ' துண்டில் சி60 நிற்குமானால் உங்கள் கழுவுதல் போதவில்லை என்று பொருள். இவற்றோடு ஒரு குவார்ட்ஸ் தகட்டையும் எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோங்கள். ஏன் என்பது ஒளி அளவீட்டில் தெரியும்.

சுத்தம்

அசிட்டோனில் 5 நிமிடம், ஐசோபுரோப்பனாலில் 5 நிமிடம் சோனிக்கேட்டர் (மீயொலி அதிர்வால் கழுவும் தொட்டி). அசிட்டோன் துண்டின் மேல் காயக்கூடாது. காய்ந்தால் கறை நிற்கும். ஈரத்தோடே அடுத்த திரவத்துக்கு மாற்றுங்கள். பிறகு தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு ஆர்சிஏ முறை. வெர்னர் கெர்ன் ஆர்சிஏ நிறுவனத்தில் 1965இல் உருவாக்கிய இந்த இரண்டு குளியல்களுக்கு இன்றும் ஈடில்லை.

முதல் குளியலுக்கு 50 மில்லி தண்ணீர், 10 மில்லி அடர் அம்மோனியாக் கரைசல். 70 டிகிரி வந்ததும் 10 மில்லி 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. 75 டிகிரியில் 10 நிமிடம். குமிழ்கள் வேகமாக எழ வேண்டும். எழவில்லையென்றால் பெராக்சைடு செத்துவிட்டது. சித்திரை வெயிலில் அலமாரியில் கிடந்த பாட்டில்களுக்கு இது சாதாரணமாக நேரும். அந்தக் குளியலில் துண்டைப் போடவே போடாதீர்கள். பெராக்சைடு இல்லாத அம்மோனியா சிலிக்கானை அரித்துச் சொரசொரப்பாக்கும். பாட்டிலைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இரண்டாம் குளியலுக்கு 60 மில்லி தண்ணீர், 10 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 10 மில்லி பெராக்சைடு. அதே சூடு, அதே நேரம். உலோக அயனிகளை நீக்குவது இதுதான். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் கண்ணாடிச் சாமான் கழுவும் ஊரில் இந்தக் குளியலைத் தவிர்க்கக் கூடாது. தப்பி நிற்கும் சோடியம் பின்னால் மின்னளவீட்டில் வந்து குழப்பும். கடைசி அலசலுக்கு 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் தண்ணீர் வேண்டும். சாதாரண வாலைவடிநீர் போதாது.

வெளியே எடுக்கும்போது தண்ணீர் துண்டு முழுக்க ஒரே படலமாகப் பரவி நிற்க வேண்டும். தொடுகோணம் 10 டிகிரிக்குள். துளியாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி முதல் குளியல். இப்போது மேலே இருப்பது ஒரு நானோமீட்டர் அளவு ஆக்சைடு, அதன் மேல் ஹைட்ராக்சில் குழுக்கள். சிலேனுக்கு இவை வேண்டும். ஆகவே இந்த வழியில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் தேவையில்லை, பிரான்ஹா கரைசலும் (அடர் கந்தக அமிலமும் பெராக்சைடும்) தேவையில்லை. முன்னது தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே உள்ளே இறங்கும். பின்னது ஒரு சொட்டு அசிட்டோன் மீதமிருந்தாலும் வெடிக்கும். பழக்கமும் பாதுகாப்பும் இல்லாத ஆய்வகத்தில் இரண்டையும் தொட வேண்டாம்.

அமீன் முனை

பயன்படுத்துவது அமினோபுரோப்பைல் டிரைஎத்தாக்சிசிலேன், ஆய்வகப் பேச்சில் ஏப்டெஸ். 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையை 300 டிகிரியில் சில மணி நேரம் வறுத்து, ஆறவைத்து, டொலுயீனில் போட்டு ஒருநாள் விடுங்கள். 20 மில்லி உலர்ந்த டொலுயீனுக்கு 0.2 மில்லி ஏப்டெஸ். துண்டுகள் செங்குத்தாக நிற்கட்டும். படுக்கவைத்தால் மிதக்கும் துகள்கள் மேலே உட்காரும். மூடிய பாத்திரத்தில் 45 நிமிடம். பின் புதிய டொலுயீனில் 2 நிமிடம் சோனிக்கேட்டர், இன்னொரு முறை டொலுயீன், பிறகு எத்தனால், நைட்ரஜன் ஊதல், 110 டிகிரி அடுப்பில் 30 நிமிடம்.

எலிப்சோமீட்டரில் ஆக்சைடு கழித்து 0.6 முதல் 1 நானோமீட்டர் வந்தால் சரி. 2 நானோமீட்டருக்கு மேல் போனால் சிலேன் தனக்குள்ளேயே பின்னி அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. காரணம் ஈரம். துண்டைச் சாய்த்துப் பார்த்தால் வெண்மூட்டம் தெரிகிறது என்றால் அளக்கவே வேண்டாம், புதிதாகத் தொடங்குங்கள். ஏப்டெஸ் பாட்டில் கலங்கியிருந்தாலும் அப்படியே. அமீன் முனை காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து எடுத்த அன்றே அடுத்த படிக்குப் போங்கள்.

சி60 கரைசல்

டொலுயீனில் சி60 கரைவது அறைச்சூட்டில் மில்லிக்கு சுமார் 2.8 மில்லிகிராம். சூடாக்கினால் அதிகம் கரையும் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த மூலக்கூறுக்கு நேர்மாறு: அறைச்சூட்டுக்கு மேலே போகப் போகக் கரைதிறன் குறைகிறது. அறைச்சூட்டில் தெவிட்டிய கரைசலை ரிஃப்ளக்ஸில் வைத்தால் துண்டின் மேல் கறுப்புத் துகள் படிவது இதனால்தான். 1 மில்லிமோலார் போதும். 25 மில்லி டொலுயீனுக்கு 18 மில்லிகிராம், 99.5 சதவீதம் தூய்மையானது. அலுமினியத் தாள் சுற்றி, நான்கைந்து மணி நேரம் மெல்லக் கலக்குங்கள். ஒளியும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் சி60 ஆக்சைடாக மாறத் தொடங்கும். 0.2 மைக்ரான் பிடிஎஃப்இ வடிகட்டியில் வடித்து, நைட்ரஜனை 20 நிமிடம் குமிழவிடுங்கள்.

நிறம் தெளிவான ஊதா. பழுப்பு கலந்திருந்தால் சி70 கலப்போ சிதைவோ இருக்கிறது. கண்ணோடு நிறுத்தாமல், 100 மடங்கு நீர்த்து 1 சென்டிமீட்டர் செல்லில் 335 நானோமீட்டர் முகட்டைப் பாருங்கள். அங்கே மோலார் உறிஞ்சல் எண் சுமார் 55,000. ஆகவே 0.55 அருகே வர வேண்டும். 407 நானோமீட்டரில் ஒரு சிறு கூர்முகடும் தெரியும்.

ரிஃப்ளக்ஸ் 24 மணி நேரம், நைட்ரஜன் கீழ், இருட்டில். 'இ' துண்டுக்குத் தனிக் குடுவை. அமீனின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு, சி60 கூண்டில் இரண்டு அறுகோணங்கள் சந்திக்கும் இரட்டைப் பிணைப்பில் போய்ச் சேர்கிறது. அதாவது அங்கே ஒட்டியிருப்பது முழுமையான சி60 அல்ல. 60 பை எலக்ட்ரான்களில் இரண்டு போய் 58 மிச்சம். எலக்ட்ரான் ஏற்கும் ஆற்றல் நிலை சற்று மேலேறும். தூய சி60இன் எண்களை அப்படியே இந்த அடுக்குக்குப் பொருத்தக் கூடாது.

கழுவுதலில் பொறுமை வேண்டும். டொலுயீனில் 5 நிமிட சோனிக்கேட்டர், ஒவ்வொரு முறையும் புதிய டொலுயீன். ஒவ்வொரு கழுவுநீரையும் நிறமாலைமானியில் வைத்து, 335 முகடு முழுக்க மறையும் வரை நிறுத்தாதீர்கள். 'மூன்று முறை கழுவினோம்' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. முகடு மறைந்ததை எவரும் சரிபார்க்கலாம்.

தடித்த படலம் வேண்டுமானால்

ஒளியியல் ஆய்வுக்குப் பல சமயம் 50 நானோமீட்டர் படலம்தான் உதவும். இதற்கு வெற்றிட ஆவிப்படிவு. டான்டலம் படகில் 25 மில்லிகிராம், மூலத்துக்கும் சிலிக்கானுக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி, 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழே அழுத்தம். முதலில் 200 முதல் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, தூளில் சிக்கியிருக்கும் கரைப்பானை வெளியேற்றுங்கள், ஷட்டர் மூடியே இருக்கட்டும். இதைத் தாண்டிக் குதித்தால் தூள் படகிலிருந்து தெறிக்கும். பிறகு 400 டிகிரிக்கு மேல் மெல்ல ஏற்றி, நொடிக்கு 0.5 முதல் 1 ஆங்ஸ்ட்ராம் வேகம்.

குவார்ட்ஸ் தடிமன்மானியில் அடர்த்தி 1.68 என்று மாற்றுங்கள். முந்தையவர் அலுமினியத்துக்கு வைத்த 2.70 அப்படியே இருந்தால், 50 நானோமீட்டர் படிந்திருக்கும்போது மானி 31 என்று காட்டும்.

சுத்தமான, ஆக்சைடே இல்லாத சிலிக்கானில் சி60 நேரடியாகப் பிணைவது வேறு உலகம். அதற்கு 10⁻¹⁰ மில்லிபார் வெற்றிடம் வேண்டும். அங்கே 300 டிகிரிக்குச் சூடாக்கினால் மேலடுக்குகள் பறந்து, சிலிக்கானைத் தொடும் ஓரடுக்கு மட்டும் நிற்கும். 800 டிகிரியைத் தாண்டினால் கூண்டு உடைந்து சிலிக்கான் கார்பைடு ஆகும்.

ஒளி அளவீடு

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். 1100 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்தை அது விழுங்கிவிடும். ஊடுருவல் அளவீடு நடக்காது. குவார்ட்ஸ் தகடு இதற்குத்தான். அதிலும் எதிர்பார்ப்பு அளவாக இருக்கட்டும்: நெருக்கமான ஓரடுக்கின் உறிஞ்சல் 335 நானோமீட்டரில் 0.01 மட்டுமே. தகட்டின் இருபுறமும் ஒட்டியிருந்தால் 0.02. அடிக்கோட்டை அதே தகட்டில், ஒட்டுவதற்கு முன்பே, பதிவு செய்து வைத்திருந்தால்தான் இது தெரியும். 0.05 கண்டால் மகிழாதீர்கள். அது ஒட்டாமல் நிற்கும் துகள்.

சிலிக்கானில் செய்யக்கூடியது எதிரொளிப்பு. 633 நானோமீட்டரில் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 3.88, வெற்று முகம் 35 சதவீதம் ஒளியைத் திருப்பும். சி60 படலத்தின் எண் சுமார் 2.0. அது 3.88இன் வர்க்கமூலத்துக்கு மிக அருகில் இருப்பதால், 79 நானோமீட்டர் தடிமனில் சி60 படலம் சிலிக்கானுக்கு நல்ல எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சாகிறது. சிவப்பு மறைந்து துண்டு ஆழ்ந்த நீலமாகத் தெரியும். அதைவிட மெல்லிய படலம் பழுப்பு, தங்கப்பழுப்பு. 50 நானோமீட்டருக்கு முயன்று நீலம் வந்தால் மானியின் அடர்த்தியைத் திரும்பப் பாருங்கள். ஆகவே எதிரொளிப்பு குறைந்ததை 'படலம் உறிஞ்சுகிறது' என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பகுதி குறுக்கீட்டு விளைவு.

எலிப்சோமீட்டரில் 10 நானோமீட்டருக்குக் குறைந்த அடுக்குக்குத் தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் ஒருசேரக் கேட்காதீர்கள். கணினி ஏதாவது ஒன்றைக் கொடுக்கும், அதற்குப் பொருளிருக்காது. எண்ணை 2.0 என்று நிறுத்தி, தடிமனை மட்டும் பொருத்துங்கள். 'இ'க்கும் 'உ'வுக்கும் உள்ள வேறுபாடு 1 நானோமீட்டர் அருகே வந்தால் நெருக்கமான ஓரடுக்கு. 0.5 என்றால் பாதி மூடியிருக்கிறது. ஐந்து துண்டுகளையும் ஒரே அமர்வில் அளக்க வேண்டும். காலையில் மூன்று, மழை பெய்த மாலையில் இரண்டு என்று அளந்தால் ஈரத்தின் தடிமன் உள்ளே புகுந்துவிடும்.

ராமனில் 520 அருகே சிலிக்கானின் பெருங்கோடு, 1469 அருகே சி60இன் அடையாளக் கோடு (அலகு: சென்டிமீட்டருக்கு). 1450 பக்கம் சிலிக்கானுக்கே மெலிந்த மேடு ஒன்று உண்டு. 'இ' துண்டின் நிறமாலையைக் கழிக்காமல் எதையும் படிக்க வேண்டாம். இந்த முறையின் பெரிய பொறி லேசர்தான். சி60 ஓர் எலக்ட்ரானை ஏற்றால் 1469 கோடு சுமார் 6 கீழிறங்கும். ஒளியால் மூலக்கூறுகள் தங்களுக்குள் பின்னிக்கொண்டாலும் அதே கோடு 1459க்கு இறங்கும். தடித்த படலத்தில் லேசர் செய்த பிணைப்பை 'சிலிக்கானிலிருந்து ஒன்றரை எலக்ட்ரான் வந்தது' என்று படித்துவிட இடமுண்டு. 532 நானோமீட்டர் லேசரை 0.1 மில்லிவாட்டுக்குக் குறைத்து, ஒரே புள்ளியில் இருமுறை பதிவு செய்யுங்கள். இரண்டாவதில் கோடு நகர்ந்திருந்தால் நகர்த்தியது உங்கள் லேசர். எலக்ட்ரான் மாற்றம் உண்மையானால் முதல் பதிவிலேயே முழு நகர்வும் இருக்கும், நேரத்தோடு வளராது.

மின் அளவீடு

பின்புறத் தொடர்புக்கு அலுமினியம் பூசி 450 டிகிரியில் பதப்படுத்துவது வழக்கம். இங்கே ஒத்துவராது. முன்பே பூசினால் அம்மோனியாக் குளியல் கரைத்துவிடும், பின்பு பூசினால் அந்தச் சூடு மூலக்கூறு அடுக்கைக் கெடுக்கும். கடைசியில் பின்புற ஆக்சைடை வைரமுனையால் சுரண்டி, காலியம்-இண்டியம் கலவையைத் தேய்ப்பதே நல்லது.

முன்புறத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓரடுக்கின் மேல் நேராகத் தங்கப் புள்ளி வைத்து, மின்தேக்கம்-மின்னழுத்தக் கோட்டில் நகர்வைத் தேடுகிறார்கள், கிடைப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். நூறு மூலக்கூறுகளுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் ஏறியிருந்தால் மின்சுமை சதுர சென்டிமீட்டருக்கு 1.8 × 10⁻⁷ கூலும். நகர்வு என்பது மின்சுமை பெருக்கல் மேல்உலோகத்திலிருந்து அதன் தொலைவு, வகுத்தல் இடையிலுள்ள பொருளின் மின்காப்பு மாறிலி. உலோகம் மூலக்கூறைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொலைவு அரை நானோமீட்டர், நகர்வு சுமார் 24 மில்லிவோல்ட். இடையே 50 நானோமீட்டர் பிஎம்எம்ஏ பாலிமரைச் சுழற்பூச்சாக வைத்தால் அதே மின்சுமை மூன்றரை வோல்ட் நகர்த்தும். ஆகவே பாலிமர் வையுங்கள். பாலிமரும் மின்சுமை பிடிக்கும் என்பதால் 'இ' துண்டுக்கும் அதே பூச்சு வேண்டும்.

அளப்பது முழு இருட்டில். மேலே எரியும் டியூப்லைட்டே சிலிக்கானில் மின்னூட்டிகளை உண்டாக்கி, கோட்டின் வால்பகுதியைத் தூக்கிவிடும். 1 மெகாஹெர்ட்சில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வளையம் வந்தால், மேல்முனையில் நேர்மின்னழுத்தம் சில நிமிடம் வைத்து மறுபடி ஓட்டுங்கள். கோடு நேர்த்திசைக்கு நகர்ந்தால் சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான் ஏறி ஃபுல்லரீனில் தங்கியிருக்கிறது. எதிர்த்திசைக்கு நகர்ந்தால் சோடியம் அயனிகள் சிலிக்கான் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன. அது உங்கள் தண்ணீரின் கோளாறு, இரண்டாம் குளியலுக்குத் திரும்புங்கள்.

தொடாமலே அளக்கும் கெல்வின் புரோப் கிடைத்தால் பாலிமரே வேண்டாம். புதிதாக உரித்த கிராஃபைட்டை ஒப்பாக வைத்து ஐந்து துண்டுகளையும் அளந்து, பின் அதே இடத்தில் விளக்கை ஏற்றி அணைத்து மாற்றத்தைக் குறியுங்கள். இருட்டில் கிடைப்பது மொத்த வேலைச்சார்பு (மேற்பரப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்). விளக்கால் வரும் மாற்றம் சிலிக்கானுக்குள் பட்டைகள் வளைந்திருக்கும் அளவைச் சொல்லும். 'இ'க்கும் 'உ'வுக்கும் வேலைச்சார்பு மாறி, விளக்கு மாற்றம் மாறாமல் இருந்தால், மூலக்கூறு அடுக்கில் இருமுனை உண்டு, சிலிக்கானின் உட்புறம் தொடப்படவில்லை.

தடித்த படலத்தில் கடத்துதிறன் அளப்பவர்கள் ஆக்ஸிஜனை மறக்க வேண்டாம். காற்றில் வைத்த படலத்தில் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளின் இடுக்குகளில் புகுந்து கடத்துதிறனைப் பல மடங்கு இறக்கிவிடும். வெற்றிடத்தில் 150 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி, வெளியே எடுக்காமல் அங்கேயே அளக்க வேண்டும்.

மீதக் கரைசல்

ரிஃப்ளக்ஸ் முடிந்த கரைசலில் சி60 பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஓரடுக்குக்குப் போனது மைக்ரோகிராம்தான். ஊதா நிறம் மாறாமல், 335 முகடும் 407 கூர்முகடும் முன்போலவே இருந்தால் வடிகட்டி, இருட்டில் மூடி வைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாம். பழுப்பாகியிருந்தால் துண்டிலிருந்து கழன்ற சிலேன் கரைசலில் சி60உடன் வினைபுரிந்திருக்கிறது. அது மேற்பரப்பில் திரளைகளாக ஒட்டும், மறுபயன்பாடு கூடாது. அத்தோடு, உங்கள் அமீன் அடுக்கு இறுகவில்லை என்பதையும் அந்தப் பழுப்பு காட்டுகிறது. அடுத்த முறை 110 டிகிரி அடுப்பில் 30 நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் வையுங்கள். கழிவு டொலுயீனைச் சாக்கடையில் ஊற்றாமல், குளோரின் கலக்காத கரைப்பான்களுக்கான கேனில் சேருங்கள். 'உ' துண்டை இருட்டில், வெற்றிட டெசிகேட்டரில் வைத்து, மின் அளவீட்டை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ராமனும் எலிப்சோமீட்டரும் அதற்கு முன்பே, பாலிமர் பூசுவதற்கு முன், முடிந்திருக்க வேண்டும்.